என் கணவர் ஏன் சாட்சி சொல்ல மறுக்கிறார்?

கேள்வி: பத்து மாதங்களுக்கு முன் என் மகனுக்கு (வயது 20) நுரையீரல் தொற்று முற்றிப்போய், 19 நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தான். அதில் 11 நாட்கள் செயற்கை சுவாசக் கருவியில். டாக்டர்கள் கைவிரித்த நிலையில் நாங்கள் உபவாசித்து ஜெபித்தோம். கர்த்தர் அவனைத் திருப்பித் தந்தார். அன்று முதல் நான் போகிற இடமெல்லாம் சாட்சி சொல்லி வருகிறேன். என் கணவரோ, “டாக்டர்கள் பார்த்தார்கள், பிழைத்தான், அதோடு விடு” என்கிறார். சபைக்கு வருவதும் குறைந்துவிட்டது. மருத்துவமனையில்கூட அவர் முழங்கால்படியிட்டு நான் பார்க்கவில்லை; ஒரு சிறிய நோட்டில் ஆக்சிஜன் அளவு, காய்ச்சல் என்று எண்களை எழுதிக்கொண்டே இருந்தார். 17 வயது மகள் குடும்ப ஜெபத்துக்கு உட்காருவதில்லை. பக்கத்துப் படுக்கையில் இருந்த பையன் இறந்துபோனான், “அவன் அம்மாவும் ஜெபித்தார்கள்தானே?” என்று கேட்கிறாள். சபை மூப்பர் ஒருவர் என் கணவரிடம், “நீங்கள் திரும்பி வராத அந்த ஒன்பது பேரில் ஒருவர்” என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது. ஒரே வீட்டில் ஒரே அற்புதத்தைக் கண்டவர்கள் எப்படி இவ்வளவு மாறுபட முடியும்? இந்த நன்றியில்லாமையால் மறுபடியும் ஏதாவது நேர்ந்துவிடுமோ என்று எனக்கு இரவில் தூக்கமில்லை. இவர்களை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். முதல் வாசிப்பில் என் மனம் முழுக்க உங்கள் பக்கம்தான் இருந்தது. இரண்டாவது முறை அந்த நோட்டு வருகிற இடத்தில் நின்றுவிட்டேன். நீங்கள் அதைக் குற்றச்சாட்டாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது அப்படிப் படவில்லை. அதைப் பிறகு பேசுவோம். முதலில் மூப்பர் சொன்ன அந்தச் சொல்லை எடுத்துவிட வேண்டும். முள்ளை உள்ளே விட்டுவிட்டு மேலே மருந்து பூசிப் பயனில்லை.

லூக்கா 17-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பத்துக் குஷ்டரோகிகளிடமும் இயேசு சொன்னது, போய் ஆசாரியர்களுக்கு உங்களைக் காண்பியுங்கள் என்பதுதான். அந்த ஒன்பது பேரும் சொன்னபடி போய்க்கொண்டிருந்தவர்கள். போகிற வழியிலேயே பத்துப் பேரும் சுகமானார்கள். சமாரியன் ஒருவன்தான் நன்றி சொல்லப் பாதி வழியில் திரும்பி வந்தான். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்டார். அந்தக் கேள்வியில் வருத்தம் இருக்கிறது, நான் அதை மழுப்ப மாட்டேன். நன்றி சொல்வது நல்லது, சொல்லாமலிருப்பது குறைதான். ஆனால் ஒன்பது பேருக்கும் கிடைத்த சுகம் திரும்பப் பறிக்கப்பட்டதாக அங்கே எழுதியிருக்கவில்லை. திரும்பி வந்தவனிடம், ஓடிப்போய் அந்த ஒன்பது பேரையும் இழுத்து வா என்றும் இயேசு சொல்லவில்லை. எழுந்து போ, உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது என்று அவனை அவன் வழியில் அனுப்பிவைத்தார். மூப்பர் அந்தப் பகுதியை இன்னும் இரண்டு வசனம் கூடுதலாக வாசித்திருக்கலாம்.

ஒரே அற்புதத்தைக் கண்டவர்கள் எப்படி மாறுபட முடியும் என்று கேட்கிறீர்கள். மாறுபடாமல் இருந்தால்தான் எனக்கு ஆச்சரியம். பெத்தானியாவில் லாசரு இறந்தபோது அந்த வீட்டில் இரண்டு சகோதரிகள் இருந்தார்கள். மார்த்தாள் எழுந்து ஊருக்கு வெளியே போய் இயேசுவை எதிர்கொண்டாள். மரியாள் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு இருவரும் அவரிடம் சொன்ன வாக்கியம் ஒன்றே: நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் மரித்திருக்க மாட்டான். யோவான் 11-இல் 21-ஆம் வசனத்தையும் 32-ஆம் வசனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், சொல்லுக்குச் சொல் அப்படியே இருக்கும். ஆனால் கிடைத்த பதில் ஒன்றல்ல. மார்த்தாளிடம் அவர் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசினார், விசுவாசிக்கிறாயா என்று கேட்டார். மரியாளிடம் எதையும் விளக்கவில்லை. அவனை எங்கே வைத்தீர்கள் என்று மட்டும் கேட்டார், கண்ணீர் விட்டார். மார்த்தாள் கேள்வி கேட்டுத் தெளிகிறவள், மரியாள் அழுது தெளிகிறவள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. உங்கள் வீட்டில் நான்கு பேர் இருக்கிறீர்கள்.

துக்கத்தைப் பற்றி ஆராய்ந்த கென்னத் டோகா, டெரி மார்ட்டின் ஆகிய இருவரும் இதை வேறொரு பக்கத்திலிருந்து சொன்னார்கள். சிலர் துயரத்தை உணர்ச்சியாக அனுபவித்து, அழுது, பேசி வெளியே கொண்டுவருகிறார்கள். வேறு சிலருக்கு அது யோசனையாகவும் செயலாகவும்தான் வெளிப்படுகிறது. எதையாவது கணக்கிடுவார்கள், பழுது பார்ப்பார்கள், எழுதிவைப்பார்கள். பெரும்பாலானவர்களிடம் இரண்டும் கலந்திருக்கும். இரண்டாம் வகையினர் வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குக் கல்நெஞ்சக்காரர்களாகத் தெரிவார்கள். உள்ளே எரிகிற நெருப்பு இருவருக்கும் ஒன்றே.

இப்போது அந்த நோட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு மனிதர் 19 நாட்கள், மகனின் ஆக்சிஜன் எவ்வளவு, காய்ச்சல் எவ்வளவு என்று குறித்துக்கொண்டே இருந்திருக்கிறார். யாரும் கேட்கவில்லை, மருத்துவமனையில் அதற்கென்று தனிப் பதிவேடு இருக்கும். அவர் குறித்ததால் எண் ஒன்றும் ஏறப்போவதில்லை. பிறகு ஏன் எழுதினார்? நீங்கள் முழங்காலில் நின்ற நேரத்தில் அவர் அந்த எண்கள் ஓடுகிற திரையின் முன் நின்றிருக்கிறார். இருவருமே விழித்திருந்தீர்கள். அவர் எழுதியது ஜெபமா என்று தீர்மானிக்க எனக்கு அதிகாரமில்லை. இல்லை என்று தீர்மானிக்க உங்களுக்கும் இல்லை என்பதை மட்டும் தாழ்மையாகச் சொல்கிறேன்.

“டாக்டர்கள் பார்த்தார்கள்” என்று அவர் சொல்வதை அவிசுவாசம் என்று உடனே எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். எசேக்கியா ராஜா மரண வியாதியில் அழுது ஜெபித்தபோது அவனுக்கு 15 வருடம் கூட்டிக் கொடுக்கப்பட்டது. அதே பகுதியில், அந்தச் செய்தியைக் கொண்டுவந்த ஏசாயா தீர்க்கதரிசியே, அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து கட்டியின்மேல் வைக்கச் சொல்கிறார். ஜெபமும் மருந்துக்கட்டும் ஒரே பக்கத்தில் சண்டையில்லாமல் இருக்கின்றன. ராத்திரி முழுக்க விழித்து உங்கள் மகனைக் கவனித்த நர்ஸ்களுக்கு உங்கள் சாட்சியில் இடம் இருக்கிறதா? இல்லையென்றால், உங்கள் கணவர் அந்த விடுபட்ட பாதியைத்தான் பிடிவாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாரோ என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்றையும் ஆலோசகர் என்ற முறையில் சொல்ல வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து மீண்டவர்களுக்கு மட்டுமல்ல, வெளியே காத்திருந்த குடும்பத்தாருக்கும் மாதக்கணக்கில், சில சமயம் அதற்கும் மேலாக, மனப் பாதிப்பு நீடிக்கலாம். பதற்றம், மனச்சோர்வு, அந்த நாட்கள் திரும்பத் திரும்பக் கண்முன் வருவது, அதைப் பற்றிய பேச்சையே தவிர்ப்பது. 2012-இல் வெளியான ஒரு மருத்துவ மாநாட்டு அறிக்கை இதற்கென்றே தனிப் பெயர் கொடுத்து, குடும்பத்தினரையும் அதில் சேர்த்தது. உங்கள் கணவர் நள்ளிரவில் விழித்துக்கொள்கிறாரா? போன் மணி அடித்தால் திடுக்கிடுகிறாரா? மகன் இருமினால் எழுந்து அறைக்கு வெளியே போய்விடுகிறாரா? சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுகிறாரா? பத்து மாதம் கழித்தும் இவை தொடர்ந்தால் நல்ல மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பார்க்க வேண்டும். “அதோடு விடு” என்ற சொல்லைப் பாருங்கள். நன்றியில்லாதவர் அதைச் சொல்லலாம். இன்னும் அந்த வராந்தாவிலிருந்து வீடு வந்து சேராதவரும் அதையே சொல்லுவார். நீங்கள் ஒவ்வொரு முறை சாட்சியைத் தொடங்கும்போதும் அவர் மறுபடி அங்கே கொண்டுபோய் நிறுத்தப்படுகிறார் என்றால், சபைக்கு வராமலிருப்பதன் காரணம் தேவனோடு பிணக்காகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

மகளைப் பற்றி எனக்குக் கவலை குறைவு. அவள் கேட்டது நல்ல கேள்வி, கேட்க வேண்டிய கேள்வி. அப்போஸ்தலர் 12-ஆம் அதிகாரத்தை அவளோடு உட்கார்ந்து வாசியுங்கள். தொடக்கத்தில் ஏரோது யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றுபோடுகிறான். அதே அதிகாரத்தில் பேதுரு சிறையிலிருந்து தப்புகிறான். ஒருவருக்கு ஏன் வாள், இன்னொருவருக்கு ஏன் திறந்த கதவு? வேதம் அதற்குக் காரணம் சொல்லவில்லை. வேதமே சொல்லாததை நீங்களும் சொல்ல முயல வேண்டாம். குறிப்பாக, “அவர்களுக்கு விசுவாசம் போதவில்லை” என்ற பதிலை மறந்தும் உச்சரிக்காதீர்கள். அது மகளையும் இழக்கச் செய்யும், மகனை இழந்த அந்தத் தாயையும் இரண்டாம் முறை அடிக்கும். (அதே அதிகாரத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. பேதுருவுக்காக ஊக்கமாய் ஜெபித்துக்கொண்டிருந்தவர்களிடம், அவன் வாசலில் நிற்கிறான் என்று ரோதை என்ற பெண் ஓடிவந்து சொன்னபோது, நீ பிதற்றுகிறாய் என்றார்கள். அற்புதத்துக்காக ஜெபித்தவர்களே அதை முதலில் நம்பவில்லை.)

யோபு எத்தனை அதிகாரங்கள் தேவனோடு வழக்காடினார்! கடைசியில் தேவன் கோபித்துக்கொண்டது அவர்மேல் அல்ல. தேவனுக்குப் பரிந்து பேசுவதாக நினைத்துக்கொண்டு யோபுக்குப் புத்தி சொன்ன மூன்று நண்பர்கள்மேல்தான். உங்கள் மகள் ஜெபத்துக்கு உட்காரவில்லை, சரி. ஆனால் பத்து மாதமாகியும் முன்பின் தெரியாத ஒரு பையனின் சாவை மறக்காமல் சுமந்துகொண்டிருக்கிறாள். அந்தக் குடும்பத்தை நீங்கள் பிறகு தொடர்புகொண்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. தொடர்பு இருந்தால், அவளையும் அழைத்துக்கொண்டு ஒருமுறை போய்ப் பாருங்கள். அங்கே சாட்சி சொல்லாதீர்கள். உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

எப்படி நடந்துகொண்டாலும் எல்லாம் ஒன்றுதான் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். லாசரு கல்லறையிலிருந்து வெளியே வந்ததைக் கண்ணால் கண்டவர்களில் பலர் விசுவாசித்தார்கள்; சிலர் நேராகப் பரிசேயரிடம் போய்ச் செய்தி சொன்னார்கள். கொஞ்ச நாளில் லாசருவையும் கொன்றுவிட ஆலோசனை நடந்தது. கண்ணெதிரே நடந்ததைப் பார்த்தும் கடினப்பட்ட மனம் என்றால் அதுதான். தனக்கு நஷ்டம் வரும் என்பதால் உண்மையையே அப்புறப்படுத்தப் பார்க்கிற மனம். உங்கள் கணவரிடமோ மகளிடமோ அதன் சாயல்கூட எனக்குத் தெரியவில்லை. ஒருவர் பேச முடியாமல் இருக்கிறார், இன்னொருத்தி கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இனி உங்களைப் பற்றி. வருத்தப்படாமல் வாசியுங்கள். கடிதத்தின் கடைசியில், நன்றியில்லாமையால் மறுபடியும் ஏதாவது நேர்ந்துவிடுமோ என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் உங்கள் கடிதத்தின் மையமாகப் பட்டது. சாட்சியை நீங்கள் நன்றியாகத்தான் தொடங்கியிருப்பீர்கள். எங்கோ நடுவில் அது தவணை கட்டுவதாக மாறிவிட்டது போலிருக்கிறது. ஒரு தவணை தவறினாலும் கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொள்வார் என்ற பயம். குடும்பத்தில் மற்றவர்கள் தங்கள் பங்கைக் கட்டவில்லையே என்ற கோபமும் அங்கிருந்துதான் வருகிறது. கஷ்டகாலத்தில் மக்கள் மதநம்பிக்கையை எப்படிப் பற்றிக்கொள்கிறார்கள் என்று ஆராய்ந்த கென்னத் பார்கமென்ட் என்ற உளவியலாளர், இதில் இரண்டு விதம் உண்டு என்று பிரித்துக் காட்டினார். தேவன் துணையாக நிற்கிறார் என்று சாய்ந்துகொள்வது ஒன்று. அவர் தண்டிக்கிறார், கைவிடுகிறார் என்று அஞ்சி அல்லாடுவது இன்னொன்று. முதலாவது பெரும்பாலும் மனதைத் தாங்குகிறது. இரண்டாவது மன உளைச்சலோடு சேர்ந்தே காணப்படுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் பக்தியாகவே தெரியும். தூக்கம்தான் காட்டிக்கொடுக்கும். உங்களுக்குத் தூக்கமில்லை என்கிறீர்கள். கணவருக்கு நான் சொன்ன மனநல ஆலோசனை உங்களுக்கும் வேண்டியிருக்கலாம். இருவரும் சேர்ந்து போனால் இன்னும் நல்லது. உங்கள் போதகர் பதறாமல் கேட்கிறவர் என்றால், இந்தப் பயத்தை அவரிடமும் அப்படியே சொல்லுங்கள்.

பேசித்தான் ஆக வேண்டுமா என்று உங்களுக்கே ஒரு கேள்வி எழலாம். மாற்கு 5-ஆம் அதிகாரத்தில், பிசாசுகளிலிருந்து விடுபட்ட மனிதனிடம் இயேசு, உன் வீட்டாரிடம் போய்க் கர்த்தர் உனக்குச் செய்ததைச் சொல் என்றார். அதே அதிகாரத்தின் கடைசியில், மரித்த தன் மகளை உயிரோடு திரும்பப் பெற்ற யவீருவின் குடும்பத்துக்கு என்ன கட்டளை? இதை ஒருவருக்கும் சொல்லாதீர்கள் என்று உறுதியாகச் சொன்னார். சொல்லிவிட்டு, பிள்ளைக்குச் சாப்பிடக் கொடுங்கள் என்றார். ஒருவனுக்குப் பேசு என்ற கட்டளை, ஒரு தகப்பனுக்கும் தாய்க்கும் பேசாதே என்ற கட்டளை. அந்தத் தகப்பனை யாரும் ஒன்பது பேரில் ஒருவன் என்று சொல்ல மாட்டார்கள்.

இவ்வளவும் எழுதிவிட்டு மறுபடியும் உங்கள் கடிதத்தைப் புரட்டிப் பார்த்தேன். கணவர் சொன்னது இருக்கிறது, மகள் சொன்னது இருக்கிறது, மூப்பர் சொன்னதுகூட இருக்கிறது. மகன் சொன்னதாக ஒரு வரி இல்லை. மூச்சு நின்று வந்தவன் அவன். இந்தப் பத்து மாதத்தில் அவன் என்ன நினைக்கிறான், சபையில் எல்லோரும் தன்னைத் திரும்பிப் பார்க்கும்போது அவனுக்கு எப்படி இருக்கிறது, எதுவும் எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா?

செயற்கை சுவாசத்தில் மயக்க மருந்தோடு இருந்தவர்கள் பலருக்கு அந்த நாட்களின் நிஜ நினைவு இருக்காது. அதற்குப் பதிலாகக் குழம்பிய, பயங்கரமான காட்சிகள் தங்கியிருக்கும். யாரோ தன்னைக் கட்டிப்போட்டார்கள், கொல்ல வந்தார்கள் என்பது போல. பைத்தியம் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்து வெளியே சொல்ல மாட்டார்கள். உடல் பலவீனமும் மறதியும்கூட நெடுநாள் நீடிக்கலாம். ஊருக்கெல்லாம் அது அற்புதமாக இருந்த 11 நாட்கள், அவனுக்குள் ஒரு கொடுங்கனவாகவோ வெறும் இருட்டாகவோ இருக்கலாம். லாசருவைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். லாசரு பேசியதாக அந்தச் சுவிசேஷத்தில் ஒரு சொல்கூட இல்லை. பந்தியில் உட்கார்ந்திருந்தான் என்று மட்டும் இருக்கிறது.

யோவான் 9-இல், பார்வை பெற்ற மகனைப் பற்றி விசாரித்தபோது பெற்றோர், அவன் வயது வந்தவன், அவனையே கேளுங்கள், அவனே சொல்லுவான் என்றார்கள். ஜெப ஆலயத்துக்குப் புறம்பாக்கிவிடுவார்களோ என்ற பயத்தில் சொன்ன பதில் அது. வீரமான பதில் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அந்த வாக்கியத்தை உங்களுக்காகக் கடன் வாங்குகிறேன். இனி யாராவது சாட்சி சொல்லக் கூப்பிட்டால், முதலில் மகனிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம். இது அவன் நோயின் கதை, அவன் உடம்பின் கதை.

அந்த நோட்டு இன்னும் வீட்டில் இருக்கிறதா? சில நாடுகளில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நோயாளிக்கென்று ஒரு நாட்குறிப்பு வைக்கிறார்கள். ஸ்காண்டிநேவிய நாடுகளில் தொடங்கிய வழக்கம். இன்று கருவியை எடுத்துப் பார்த்தோம், இன்று உன் தங்கை வந்தாள், இன்று முதல் முறையாகக் கண் திறந்தாய் என்று நர்ஸ்களும் குடும்பத்தாரும் எழுதிவைப்பார்கள். பிழைத்து எழுந்தவர் பிறகு அதை வாசித்து, தொலைந்துபோன நாட்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொள்வார். உங்கள் கணவர் அறியாமலேயே அதில் பாதியை எழுதிவைத்திருக்கிறார்.

ஆகவே இந்த வாரம் சபை, சாட்சி, நன்றி எதையும் எடுக்காதீர்கள். அவர் தனியாக இருக்கும்போது, “அந்த நோட்டு எங்கே இருக்கிறது? நான் பார்க்கலாமா?” என்று மட்டும் கேளுங்கள். தந்தால் வாங்கிப் பாருங்கள். எண்களுக்குப் பக்கத்தில் இடம் இருக்கும். அந்தந்த நாளில் நீங்கள் எங்கே இருந்தீர்கள், யார் வந்தார்கள், எதற்குப் பயந்தீர்கள் என்று உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள். மகளுக்கு விருப்பமிருந்தால் பக்கத்துப் படுக்கைப் பையனைப் பற்றி அவளும் எழுதட்டும். பிறகு மகன் கேட்கும்போது, அவன் கேட்டால் மட்டும், அவன் கையில் அதைக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்